இடப்பக்கம் ஒன்றும் இல்லை

என் நோயின் முதல் அறிகுறி ஒரு வசதியைப் போலவே வந்தது. சத்தியவேட்டில் உறவினர் இல்லத் திருமணம். திருப்பதியிலிருந்து பேருந்தில் சென்றிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பயண நாளில் தண்ணீரைத் தவிர்ப்பார்கள். வழியில் ஒதுங்க இடம் இராது. மண்டபத்துக் கழிப்பறையும் நம்பத்தக்கதன்று. நானும் அரைக் குவளைக் காப்பியோடு புறப்பட்டேன். மாலை வரை சிறுநீர் கழிக்கும் உணர்வே எழவில்லை. அதை நற்பேறாகவே கருதினேன்.

பந்தியில் அருகே அமர்ந்திருந்த என் தங்கை கனகா அதைக் கவனித்திருந்தாள். அவள் சத்தியவேட்டிலேயே நிலமும் மாடுமாக வாழ்பவள். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற என்னைச் சீண்டுவதில் அவளுக்குத் தனி விருப்பம்.

"இன்னாக்கா, காலைல வந்து குந்துனவ ஒரு வாட்டிகூட எழுந்து போவல. ஒட்டகம் கணக்கா இருக்கிறியே" என்றாள்.

வலப்பக்க விலாவின் கீழே மந்தமான வலி ஒன்று இருந்தது. பேருந்து இருக்கையின்மேல் அதன் பழியைப் போட்டேன்.

மறுநாள் திருப்பதி திரும்பினேன். மலைக்குச் சென்று வழிபட விரும்பிக் கனகாவும் உடன் வந்தாள். வீட்டிலும் ஒரு துளிகூட இறங்கவில்லை. உடலில் நீர் குறைந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, மோரும் இளநீரும் மாறி மாறிப் பருகினேன். அடுத்த நாள் காலையில் இமைகள் வீங்கியிருந்தன, மோதிரம் விரலை விட்டுக் கழலவில்லை, குமட்டல் நிற்கவில்லை. மலைப்பயணத்தைக் கைவிட்டுக் கனகா என்னை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள்.

இதே நிலையில் இருப்போருக்கு ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறேன். சிறுநீர் முட்டியும் வெளியேறாதிருப்பது ஒன்று. முட்டவே முட்டாதிருப்பது வேறு. எனக்கு நேர்ந்தது இரண்டாவது. கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) பொருத்தினார்கள். பை வறண்டு கிடந்தது. செவிலியர் குழாயைச் சற்றே திருப்பிப் பார்த்துவிட்டு மருத்துவரை அழைக்கப் போனார். அச்சம் எனக்கு அப்போது தொடங்கியது.

சிறுநீர் நாம் பருகும் நீரின் எச்சம் என்றே நான் எண்ணியிருந்தேன். அது குருதியிலிருந்து பிறப்பது. உடலின் குருதி முழுவதும் நாள்தோறும் பன்முறை சிறுநீரகத்துக்குள் சென்று மீள்கிறது. அங்குள்ள நெஃப்ரான்கள் (கண்ணுக்குப் புலப்படாத நுண்வடிகட்டிகள்) முதலில் தாராளமாக வடித்துவிடுகின்றன. பின்னர் உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் சர்க்கரையையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வேண்டாதென்று விடப்பட்ட சிறு பகுதியே யூரேட்டர் (சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாய்) வழியே இறங்குகிறது. அக்குழாய் அலையலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ளுகிறது. இவ்வளவும் என்னுள் என்னைக் கேளாமலே நடந்துவந்தது. என்னைக் கேளாமலே நின்றும் போயிற்று.

ஸ்கேன் செய்த மருத்துவர் சித்தூரைச் சேர்ந்த தெலுங்குப் பெண்மணி. வலப்பக்கச் சிறுநீரகம் வீங்கியிருப்பதையும், கீழே குழாயில் கல்லொன்று அடைத்திருப்பதையும் விரைவில் கண்டுகொண்டார். பின்னர் கருவியை இடப்பக்கம் வைத்தார். மேலும் கீழும் நகர்த்தினார். என்னைத் திரும்பிப் படுக்கச் சொன்னார். மீண்டும் தேடினார்.

"மேடம், முன்னாடி எப்பவாவது லெஃப்ட் கிட்னிய ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களா?"

இல்லை என்றேன்.

"அப்போ பிறக்கும்போதே இல்ல மேடம். உங்களுக்கு ஒண்ணுதான். அதுதான் இப்போ அடைச்சிருக்கு."

இரண்டு சிறுநீரகம் உள்ளவர்க்கு ஒரு பக்கம் அடைபட்டால், மறுபக்கம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எனக்கு மறுபக்கமே இல்லை. கிரியாட்டினின் (தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. பொட்டாசியமும் (இதயத் துடிப்பை ஆளும் உப்பு) மிகுந்திருந்தது. மேலும் ஏறினால் இதயம் நிற்கக்கூடும். நலம் தரும் என்று நான் பருகிய இளநீரில் இருந்ததும் அந்த உப்பே.

அறுவை அரங்கின் வெளியே தள்ளுபடுக்கையில் கிடந்தேன். அடைப்பை நீக்கினாலும் சிறுநீரகம் மீளுமா என்பதை இப்போதே சொல்ல இயலாது என்றார் மருத்துவர். மீளாவிடில் டயாலிசிஸ் (குருதியை இயந்திரத்தால் வடிக்கும் முறை), அல்லது மாற்றுச் சிறுநீரகம். கனகா அவரை மறித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க, டாக்டரம்மா. எங்கக்காளுது பூட்டா என்னுதுல ஒண்ண எடுத்து வச்சிடு."

"முதல்ல உங்களுக்கும் ஸ்கேன் பண்ணணும்மா. சில குடும்பத்துல இது ஒருத்தரோட நிக்காது" என்றார் மருத்துவர்.

கனகாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று.

சிறுநீர்ப் பாதை வழியாகவே உட்சென்று, கல்லைக் கடந்து ஸ்டென்ட் (அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கும் மென்குழல்) ஒன்றைப் பொருத்தினார்கள். நான் கண்விழித்தபோது படுக்கையருகே தொங்கிய பையில் சிவந்த நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அழுதேன். ஆனால் அது நிற்காமல் பெருகியபோது மறுபடியும் அஞ்சினேன். அடைப்பு நீங்கிய சிறுநீரகம் சில நாள் அளவறியாது வெளியேற்றும் என்றும், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்றும் விளக்கினார்கள். கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. பழைய நிலைக்கு வரவில்லை, ஆயினும் டயாலிசிஸ் தேவைப்படவில்லை. சில வாரங்கள் கழித்துக் கல்லை லேசர் கதிரால் பொடியாக்கினார்கள். பின்னர் ஸ்டென்டையும் எடுத்தார்கள். அது உள்ளே இருந்த நாள்களில் சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சலும் இழுப்பும் இருந்தன. அவை கேடல்ல என்பதை யாரேனும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இத்துணை வெருண்டிருக்கமாட்டேன்.

வீடு திரும்பிய பின் கனகாவை ஸ்கேனுக்கு அழைத்தேன்.

"எனக்கு ரெண்டும் கீதுன்னு நெனச்சிக்கினே இருந்துட்டுப் போறேன்க்கா" என்றாள். "ஒண்ணுதான்னு தெரிஞ்சதுலேர்ந்து நீ எப்டி ஆயிட்ட, பாத்தியா?"

அவள் சொன்னது மெய்தான். ஆண்டுக்கணக்கில் அறியாமல் சுமந்த உடலை இப்போது மட்பாண்டம்போல் ஏந்தி நடக்கிறேன். கூட்டத்தில் எவர் முழங்கை வந்தாலும் வலப்பக்கத்தை ஒதுக்கிக்கொள்கிறேன். தலைவலிக்குக்கூட மருத்துவரைக் கேளாமல் மாத்திரை போடுவதில்லை. அடுத்த குருதிச் சோதனை வரை உள்ள காலமே எனக்குக் காலம். அதற்கப்பால் எதையும் திட்டமிட மனம் துணிவதில்லை. இடப்பக்கத்தில் கை வைத்துப் பார்க்கிறேன். ஒருபோதும் இல்லாத ஒன்றை இழந்ததுபோல் அங்கே ஒரு வெறுமை.

மாம்பழக் காலம் முடிந்தபின் கனகா தானாகவே வந்தாள். ஸ்கேனுக்கு ஒப்புக்கொள்ள ஒரு நிபந்தனை வைத்தாள்.

"முடிவ நீ கேட்டுக்க. என்னாண்ட சொல்லாத. இன்னா துன்னணும், இன்னா வாணாம்னு மட்டும் சொல்லு, அப்டியே செய்யறேன்."

மருத்துவர் தயங்கினார். கனகா தன் வாயால் அவரிடமும் அதையே சொன்னாள். சோதனை முடிந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு, எங்களைப் பாராமல் வெளியே சென்று பூக்காரியிடம் பேரம் பேசத் தொடங்கினாள். நான் உள்ளே அமர்ந்து கேட்டுக்கொண்டேன்.

கேட்டதை இங்கே எழுதவில்லை. அவள் மகள் இக்கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். எங்களைப் போன்ற குடும்பத்தினர் உடன்பிறந்தாரையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துகிறேன்.

ஞாயிறுதோறும் கனகா தொலைபேசியில் பேசுகிறாள். மாடு, மழை, மருமகள் என்று பேச்சு நீள்கிறது. இடையே, உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்கிறேன். யாரும் யாரையும் கேட்கும் குரலிலேயே கேட்க முயல்கிறேன்.