வினாகிரி பட்ட சரளைக்கல்

தோட்டத்துக் குளத்துக்கு நானே செய்த வடிகட்டியில் என்ன கல் போடுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். உள்ளே இருந்த பழைய பஞ்சு நாறிப் போய்விட்டது. கல் போட்டு முடியும்வரை ஆறு தங்கமீன்களும் ஒரு நீலத் தொட்டிக்குள் இருக்கின்றன.

இன்று காலை வீடு, தோட்ட வேலைச் சாமான் விற்கும் பௌமார்க்டில் கல் மூட்டைகள் இருக்கும் பக்கம் போனேன். கொப்பியில் இரண்டு பெயர்கள்: சரளைக்கல், எரிமலைக்கல். சட்டைப்பையில் சிறு போத்தலில், சமையலுக்குப் புளிப்பூட்டும் வினாகிரி. சுண்ணாம்பு உள்ள கல் என்றால் வினாகிரி பட்டதும் நுரைக்கும், அது குளத்துக்கு ஆகாது என்று படித்திருந்தேன்.

கேட்காமல் ஊற்றக் கூச்சமாக இருந்தது. அங்கு வேலை செய்யும் ஜெர்மன் பெண்ணிடம் அனுமதி கேட்டேன். ஒரு சொட்டு மட்டும் என்று சிரித்தார்.

சரளை நுரைத்தது. நிம்மதியாக எரிமலைக்கல்லைத் தூக்கினேன். அதன் துளைகளில் அழுக்கு அடைத்தால் கழுவ முடியாது, தன் வீட்டுக் குளத்தில் சரளைதான் என்றார் அவர்.

மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கடையில நிண்டும் பரிசோதனையோ? யாழ்ப்பாணத்துக் கிணறெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்கதானே வெட்டினது. அதுக்க விட்ட மீன் செத்ததே?"

"இல்லை."

"அப்ப நுரைச்சதையே வாங்கிக்கொண்டு கெதியா வாங்கோ. இஞ்ச மீனுகள் மேல வந்து வாயைப் பிளக்குதுகள்."

பயத்தில் இரண்டிலும் ஒவ்வொரு மூட்டை வாங்கி வந்துவிட்டேன். இப்போது எது அடியில், எது மேலே என்று தெரியவில்லை.

தெரிந்தவர் யாராவது உடனே எழுதுங்கள். ஒருவர் போதும். இரண்டாமவரும் எழுதினால் மீன்கள் தொட்டியிலேயே இருக்க வேண்டியதுதான்.