பெலன் கேட்டேன், கை மரத்தது

வெள்ளம் வடிந்தபோது எங்கள் பட்டியில் இருந்த பதினெட்டுச் செம்மறிகளில் ஒன்றுதான் உயிரோடு நின்றது. சினை ஆடு. எங்கள் ஊரான ஈச்சிலம்பற்றில் ஒவ்வொரு காலையும் அந்த ஒன்றையும் நான் எண்ணிப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை.

மகன் இறந்த பிறகு அந்த ஆடுகளை வைத்துத்தான் மருமகள் ரூபி தன் பிள்ளையை வளர்த்தாள். "இதுவும் போச்சுதெண்டால் நான் குவைத்துக்குப் போறன் மாமா. பிள்ளையை நீங்கள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட் அலுமாரியில் இருந்தது. எனக்கு எழுபத்தாறு வயது. நான் எத்தனை காலம் பார்ப்பேன்?

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆட்டுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. நண்பகலாகியும் குட்டி வரவில்லை. ஆடு கால்களை நீட்டிப் படுத்துவிட்டது. கத்தக்கூட அதனால் முடியவில்லை. மிருக வைத்தியர் கிளிவெட்டியில் ஒரு மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு நின்றார். "வாறன். அதுக்குள்ள ஒண்டையும் இழுத்துப் போடாதீங்க" என்று தொலைபேசியில் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உள்ளே விட்டேன். குளம்புகள் தட்டுப்பட்டன. ஒன்று, இரண்டு. கணக்குச் சரி என்று இழுக்கத் தொடங்கினேன். அசையவில்லை. "ஆண்டவரே, என் கைக்குப் பெலன் தாரும்" என்று வாய்விட்டு ஜெபித்தேன். மறுபடி இழுத்தேன். அப்போது இரண்டு கைகளும் மரத்துவிட்டன. விரல் மடங்கவில்லை. "விடுங்கோ மாமா" என்று ரூபி அழுதாள். சேற்றில் உட்கார்ந்து ஆண்டவரோடு கோபித்துக்கொண்டேன்.

வைத்தியர் வந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த பெண். ஆட்டுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே படுத்து, உள்ளே கைவிட்டுத் தடவினார்.

"ஐயா, எத்தனை கால் எண்டு பார்த்தீங்க?"

"இரண்டு, டொக்டர்."

"இரண்டுதான். ஆனா இது ஒரு குட்டிட கால், அது மத்தக் குட்டிட கால். காலைப் பிடிச்சு, தோள் வரைக்கும் தடவிப் பார்க்க வேணும். ஏன் விட்டீங்க?"

"கை ஏலாமப் போச்சுது."

"நல்ல காலம். இன்னும் இழுத்திருந்தா கருப்பை கிழிஞ்சிருக்கும். தாயும் இல்லை, குட்டியும் இல்லை."

நான் என் கைகளையே பார்த்தேன்.

வைத்தியர் ஒரு குட்டியைப் பின்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு மற்றதை எடுத்தார். அது செத்திருந்தது. தலை பின்பக்கம் திரும்பிக் கிடந்ததாம். அடுத்தது மூச்சில்லாமல் வந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தார். தும்மியது. பெட்டைக் குட்டி. ரூபி அதை மடியில் போட்டுக்கொண்டு விடவேயில்லை.

"தாயை இனிச் சினைக்கு விடாதீங்க" என்றார் வைத்தியர்.

செத்த குட்டியை வேலியோரம் புதைத்தேன். நான் இழுத்ததாலா என்று கேட்டேன். "தெரியா ஐயா" என்றார். அந்தத் துக்கம் என்னை விட்டுப் போகாது. பாஸ்போர்ட்டும் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. ரூபி அதை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் எனக்கு வேண்டியதை விரல் மடக்கி ஆண்டவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்வேன். இப்போது கைகளைத் திறந்து வைத்து ஜெபிக்கிறேன். பிரியமானவர்களே, நீங்களும் கேளுங்கள். கேட்டபின் கை சோர்ந்துபோனால், அவர் கேட்கவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். அன்று என் கையைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான்.

இன்று காலையும் பட்டியில் எண்ணினேன். இரண்டு.