அண்ணியின் பதினோரு பதிவுகள்

என் அண்ணி எலக்ட்ரீஷியன். இருபது வருஷமாக ஏணியும் டெஸ்டருமாக அலைகிறாள். ஆனாலும் புதிய வீட்டுக்குப் போனால், கதவைத் திறப்பவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எலக்ட்ரீஷியன் எங்கம்மா?" என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ சிரித்தபடி பையை இறக்கி வைப்பாள்.

"தெரிஞ்சதையெல்லாம் வலைப்பூவுல எழுதுங்க அண்ணி, ஊரே பார்க்கட்டும்" என்று கிளப்பிவிட்டது நான்தான். பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கணினியைத் தட்டுகிறேன். சொல்லிக்கொடுக்க அந்தத் தகுதி போதாதா?

முதல் வாரம் நாய் படாத பாடு பட்டோம். மூன்று பாஸ்வேர்டுகளை மறந்தாள். ஃபியூஸ் பெட்டியின் படத்தைத் தலைகீழாக ஏற்றினாள். "இதுக்கு மழையில கம்பம் ஏறலாம்டீ!" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் எழுத உட்கார்ந்தால் மனுஷி பிரமாதம். 'சுவிட்ச் சுடுகிறதா? ஊதி ஆற்றாதீர்கள், அது காப்பி இல்லை' என்று அவள் தொடங்கியதைப் படித்து நான் நாற்காலியிலிருந்து விழாத குறை.

நாற்பது நாளில் பதினோரு பதிவுகள் ஆயின. படித்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். இருவரும் எங்கள் வீட்டுக் கணினியில்தான் படித்தோம்.

"கிணத்துல போட்ட கல்லுதான் போ" என்றாள். முகம் வாடியிருந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து அடுக்குமாடியில் நிரந்தர எலக்ட்ரீஷியன் தேடினார்கள். நூற்றிருபது வீடுகள். "இது மட்டும் கிடைச்சா, ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நான் யாருன்னு நிரூபிக்க வேண்டாம்டீ" என்றாள் அண்ணி. துணைக்கு நானும் போனேன்.

அங்கே குடியிருப்போர் சங்க அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெருமையாக வலைப்பூ முகவரியைச் சொன்னேன். செயலாளர் பெரிய திரையில் திறந்தார். 'இந்தப் பக்கம் பொதுப் பார்வைக்கு இல்லை' என்று வந்தது. நான் அண்ணி பக்கம் திரும்பினேன்.

"அண்ணி, என்ன செஞ்சீங்க?"

"அதுவா? வலைப்பூ செட்டிங்ஸ்ல 'எல்லாரும் பார்க்கலாம்'னு ஒரு சுவிட்ச் இருந்துச்சே, அதை முதல் நாளே அணைச்சுட்டேன்."

"ஏன்?"

"மெயின் சுவிட்சை அணைக்காம நான் எதுலயும் கைவைக்க மாட்டேனே. எழுதற வேலையும் இன்னும் முடியல. பாதி வேலையில எப்படிப் போடறது?"

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். செயலாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"போன மாசம் ஒருத்தர் மெயினை அணைக்காமலே கைவெச்சு எங்க லிஃப்ட்டை எரிச்சுட்டுப் போனார்மா. வலைப்பூவுக்கே மெயினை அணைக்கிற ஆளா நீங்க? திங்கக்கிழமையே வந்துடுங்க."

அண்ணி அங்கேயே கைப்பேசியில் அந்தச் சுவிட்சைப் போட்டாள். பழக்கதோஷம், போட்டதும் அண்ணாந்து மேலே பல்பைப் பார்த்தாள். அறையே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நூற்றிருபது வீடுகளிலும் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது. திங்களன்று நான்தான் ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனேன். முதல் வீட்டு அழைப்புமணியை அடித்தோம். கதவைத் திறந்த பெண் எங்கள் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏங்க, சுவிட்சை ஊதி ஆத்தாதீங்க, அது காப்பி இல்லைன்னு எழுதினாங்களே, அந்த எலக்ட்ரீஷியன் அக்கா வந்திருக்காங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

இருபது வருஷமாகச் சிரித்தே சமாளித்த என் அண்ணி, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெயின் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.