நெலிடாவின் கடைசி வரி

நெலிடாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ரொசாரியோ ஊரே சொல்லும். சும்மா இருங்கள்! பத்தொன்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் மேடையேறி ஒரே பொய்யைச் சொன்னவள் அவள். வாசலில் டிக்கெட் கிழித்த எனக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்தவள். எங்கள் பேட்டை கிளப் விழாவுக்குப் பாட்டுக்காரன் வராமல் போக, "நான் பேசறேன்" என்று ஏறினாள். புருஷன் அமில்காரை விட்டுப் போகப் பெட்டி கட்டியது, பஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம் குந்தியிருந்தது எல்லாவற்றையும் கொட்டினாள். ஜனம் வயிறு குலுங்கச் சிரித்தது. கடைசியில், "அந்த மனுஷன் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்துட்டேன்" என்றாள். அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள்.

அப்புறம் தையல் ஏது? கிளப்பின் பின்கூடம் நாற்பது நாற்காலியோடு அரங்கமானது. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்த அமில்கார் மேடை விளக்கைப் பார்த்துக்கொண்டான். அந்தக் கடைசி வரி காதில் விழுந்ததும் அணைப்பான். இருட்டானால்தான் கைதட்டல், இருட்டில்தான் அவள் இறங்குவாள். பெண்கள் அவனைத் தேடிப்போய்க் கட்டிப்பிடித்து, "குடுத்து வச்ச ஆளுய்யா நீ!" என்பார்கள்.

நிஜம் என்ன தெரியுமா? அன்றைக்கு பஸ் ஸ்டிரைக். அவ்வளவுதான்.

போன மார்ச்சில் தூரத்து மெந்தோசா ஊரில் அவள் தங்கைக்காரி ஓர் அறை ஒழித்துக் கொடுத்தாள். அறுபதை நெருங்குகிற நெலிடா அங்கேயே போய்விட ஆசைப்பட்டாள். வீட்டில் பேச்சை எடுத்தால் அமில்கார் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே, "மேடையில சொல்லு குண்டம்மா, ஜனம் சிரிக்கும்" என்பானாம்.

"சொல்லத்தான் போறேன்டி ஓஃபெலியா. அங்கன்னா விளக்கை விட்டுட்டு அந்தாளு எழுந்து போக முடியாது. கேட்டுத்தானே ஆவணும்?" என்றாள் என்னிடம்.

அந்தச் சனிக்கிழமை கடைசி வரிக்கு வந்தாள். "நான் அவருக்காகத் திரும்பல. பஸ் ஓடல. இப்ப ஓடுது. திங்கக்கிழமை போறேன்."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. விளக்கு அணையவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். போறேன், அமில்கார்."

மறுபடி சிரிப்பு. பிறகு அதுவும் அடங்கியது. மேலே விளக்குக் கூண்டில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்க, அவள் அந்த வெளிச்சத்தில் நின்றாள். முன்வரிசையில் ஒருத்தி, "பாவம், வரி மறந்துடுச்சு" என்று முணுமுணுத்து, "திரும்பி வந்து..." என்று எடுத்தும் கொடுத்தாள்.

எவ்வளவு நேரமோ. கடைசியில் நெலிடா தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"திரும்பி வந்துட்டேன்."

பட்டென்று இருட்டு. கைதட்டல் நிற்கவே இல்லை.

இறங்கி வந்த அமில்கார், "இன்னிக்குக் கொஞ்சம் இழுத்துட்ட" என்று அவள் தோளில் கோட்டைப் போட்டான். அவளும் கையை நுழைத்துக்கொண்டாள். இப்போதும் சனிக்கிழமை சனிக்கிழமை பேசுகிறாள்.

கூடத்து விளக்கின் சுவிட்ச் என் தலைக்கு மேலேதான் இருந்தது. தட்டிக் கூடத்தை வெளிச்சமாக்கியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும், அவள் நேரே வாசலுக்கு வந்திருப்பாள். பாவி நான், எல்லாரையும் போல அந்த வரிக்காகக் காத்திருந்தேன்.