வீராயி ஆயாவின் பலகை

சென்ற செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. சிகாமட் பக்கத்தில் நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசராக வேலை பார்த்த ரப்பர் தோட்டத்திலிருந்து, அங்கே இன்னும் கணக்கு எழுதும் கிராணியாக இருப்பவர் எழுதியிருந்தார். "நமது ஆயாக்கொட்டகை வீராயி போன வெள்ளிக்கிழமை காய்ச்சலில் இறந்துவிட்டாள். புது ஆயா வந்துவிட்டாள். நிற்க. கொட்டகையில் இருந்த தங்கள் பலகை உளுத்துப்போய்விட்டது. புதிது செய்யத் தச்சன் வந்திருக்கிறான். புது ஆயாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அளவை உடனே தெரிவிக்கவும்." ஒரு மனுஷியின் சாவுக்கு ஒரு வரி. மற்றதெல்லாம் பலகைக்கு.

வேலையை விட்டு, பத்து பாகாட் என்ற இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷமாகிறது. முழங்கால் மடங்குவதில்லை, மூச்சு இரைக்கிறது, பேனாவை எடுத்தாலே அலுப்பு. ஆனாலும் இந்தக் கார்டுக்குப் பதில் எழுதாமல் தப்ப முடியாது. அந்தப் பலகை என்னுடையதல்ல. அதன் அளவும் எனக்குத் தெரியாது. அது யாருடையது என்று சொல்ல எட்டு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீராயி அவர்கள் முதலில் பால்வெட்டுத்தான் செய்துகொண்டிருந்தார். தோள் இறங்கிப்போய்க் கத்தி பிடிக்க முடியாமல் ஆனபோது, தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகைக்கு மாற்றினார்கள். தாய்மார் விடியுமுன் பெரட்டில் பேர் கொடுக்க ஓடும் அவசரத்தில், தூங்கி வழியும் பிள்ளைகளைப் பொட்டலம்போல அவரிடம் போட்டுவிட்டுப் போவார்கள். இருபது பிள்ளைகளாவது இருக்கும். ஒவ்வொன்றையும் "துரை" என்றுதான் கூப்பிடுவார். "எந்திரிங்க துரை, கஞ்சி குடிங்க துரை" என்று அவர் போடும் சத்தத்தைக் கேட்டு, அந்தப் பக்கமாகப் போன தோட்டத்துத் துரையே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் மட்டும் அவரை "ஏய் ஆயா" என்றே அழைத்தேன். இன்று "அவர்" என்று எழுதுகிறேன். அவருக்குத்தான் கேட்காது.

ஒரு வருஷம் கொக்கிப்புழு நோய் தோட்டத்தை அரித்துப்போட்டது. இனிமேல் எல்லாரும் கக்கூஸுக்குத்தான் போகவேண்டும், சாக்கடைக் கான் ஓரத்தில் யாரும் உட்காரக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நல்ல உத்தரவுதான். நான் அதை நடக்கத் தெரிந்த பிள்ளைகள்மீதும் போட்டேன். கக்கூஸ் என்றால் ஆழமான குழி, மேலே பலகை, பலகையில் பெரியவர்களுக்காக வெட்டிய ஓட்டை. ஒரு மாதத்துக்குள் வயிறு உப்பிய பிள்ளைகள் என் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டின. என்னிடம் இருந்த ஒரே பதில் விளக்கெண்ணெய். சனிக்கிழமைதோறும் மூக்கைப் பிடித்து ஊற்றுவேன். மறுநாள் தண்ணீராய்ப் போகும். அப்புறம் நாலைந்து நாள் ஒன்றுமே இராது. மறுபடி சனிக்கிழமை, மறுபடி எண்ணெய்.

வீராயி அவர்கள் என்னிடம் வந்து சொன்னார்: "ஐயா, எண்ணெ இருக்கட்டும். அந்தக் குழியப் பாத்தீங்களா? ஓட்டை இவுங்க இடுப்பவிடப் பெருசு. உள்ள வுழுந்துடுவோமுன்னு பயந்துகிட்டு அடக்குதுங்க."

"மருந்து உனக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?" என்றேன்.

"மருந்து உங்களுக்குத்தாங்க தெரியும். புள்ளைங்கள நாந்தான பாத்துகிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அந்தத் தொல்லை என் வீட்டுக்குள்ளேயே வந்தது. என் மகள் தவமணிக்கு அப்போது இரண்டரை வயது. காய்ச்சல் வந்து, டின் பாலைத் தவிர வேறொன்றும் தொடாமல் கிடந்து தேறினாள். அதன்பின் ஒருநாள் மலம் கல்லாய் இறுகி, இரத்தத்தோடு போயிற்று. அன்றோடு சரி. அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிவாள். கால்களைப் பின்னிக்கொண்டு நுனிவிரலில் நிற்பாள். முகம் சிவந்து வியர்க்கும். பாவம், முக்குகிறாள், வரவில்லை என்று நினைத்தேன். எண்ணெய் கொடுத்தேன், பேதி உப்புக் கொடுத்தேன், கடைசியில் அவளைப் பிடித்து அழுத்தி, சவர்க்காரத்தைச் சீவி ஆசனவாயில் வைத்தேன். அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு என் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். ஒன்பது நாள் ஆயிற்று. சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள்.

"என்னப்பா இது? பிள்ளை உங்களைக் கண்டாலே நடுங்குது. இனித் தொடாதேங்கோ" என்றாள் என் மனைவி. அன்றே தவமணியைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் புறப்பட்டாள்.

"கொட்டகைக்கோ? டிரெசற்ற பிள்ளை அங்கையோ?" என்று மறித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலேறும்போது பெட்டியோடு கொண்டுவந்த பவிசு அது.

"உங்கட மரியாதையை நீங்களே வைச்சிருங்கோ. எனக்குப் பிள்ளை வேணும்."

நான் பின்னாலேயே போய் வேலியோரம் நின்றேன். தவமணி வழக்கம்போல் ஒரு தூணுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டாள். வீராயி அவர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அது முக்கலைங்க ஐயா, அடக்குது. ஒருவாட்டி வலிச்சிருச்சி, மறுபடி வலிக்குமேன்னு உள்ளாற பூட்டி வச்சிகிடுது. நீங்க பூட்ட ஒடைக்கப் பாக்குறீங்க."

எத்தனை பிள்ளைகளை அப்படிப் பார்த்திருப்பேன்! ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. என்னைப் படிக்கவைத்ததே வீண்செலவு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மருந்தை வெறுத்தவரல்ல. "இப்ப உள்ள கெடக்குறது கல்லு. அத எளக்க உங்க மருந்து வேணும். கொஞ்சங்கொஞ்சமா குடுங்க, நான் கஞ்சியில கலந்து குடுத்துக்கிறேன். புடிச்சி ஊத்தாதீங்க" என்றார். "வவுறு உப்பி வாந்தியும் வந்திச்சின்னா அது என் வேல இல்ல, உடனே உங்ககிட்ட கொண்டாந்துருவேன்" என்றும் சொன்னார். புண்ணான இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினார். டின் பாலைக் குறைத்தார். அடிக்கடி தண்ணீர், பழுத்த பப்பாளி, கஞ்சியில் மசித்த கீரை. முதல் சில நாள் நின்றபடியே போனாலும் சரி, மூலையில் போனாலும் சரி, அதட்டவே கூடாது என்று எங்கள் எல்லாருக்கும் கட்டளை.

பிறகுதான் பலகை. தோட்டத்துச் சீனத் தச்சரைக் கூட்டிவந்து, கொட்டகைக்குப் பின்னால் ஆழமில்லாத ஒரு சின்னக் குழிக்கு மூடிபோல ஒரு பலகை கேட்டார். தவமணியை அதன்மேல் நிற்கவைத்து, கிச்சுகிச்சு மூட்டி விளையாடியபடியே இரண்டு பாதங்களையும் சுற்றி அடுப்புக்கரியால் கோடு போட்டார். பாதம் பதியும் இடத்தில் இரண்டு கட்டைகள், நடுவில் சின்ன ஓட்டை, பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பு. தச்சர் பென்சிலால் ஓட்டை வரையும்போதெல்லாம், "லாகி கெச்சில், லாகி கெச்சில்" என்று மலாயில், இன்னும் சின்னதாக்கச் சொல்லி, வீராயி அவர்கள் அந்த மனுஷனின் உயிரை வாங்கினார்.

காலைக் கஞ்சி குடித்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அதில் உட்காரவைப்பார். தான் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்வார். ஏன் திரும்பி உட்காருகிறாய் என்று கேட்டேன். "துரைமாரு வெளிக்கிப் போறப்ப யாராச்சும் முன்னால நின்னு மூஞ்சியப் பாக்குறாங்களா?" என்றார். போனால் ஆர்ப்பாட்டம் இல்லை. போகாவிட்டால், "நாளைக்குப் பாத்துக்கலாம் துரை, எறங்குங்க." குழியில் அன்றன்றைக்கே மண் தள்ளி மூடிவிடுவார். கொக்கிப்புழு உத்தரவையும் அவர் மீறவில்லை.

சுலபமாக நடக்கவில்லை. பத்து நாளில் மருந்தை நிறுத்தலாம் என்றேன். "வலிச்சத மறக்கணுங்க, அதுக்கு நாளாவும்" என்று விடாமல் கேட்டு வாங்கிக் கொடுத்தார். நடுவில் இரண்டு தடவை மறுபடி அடைத்துக்கொண்டது. நானும் என் மனைவியும் ஓய்ந்துபோனோம், அவர் ஓயவில்லை. இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை நான் வேலியோரம் நின்றபோது தவமணி பலகையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் ஓடிவந்தாள். "அப்பா, கக்கா இருந்திட்டன்!" என்று என் விரலைப் பிடித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவளாக வந்து என்னைத் தொட்டது அப்போதுதான். அங்கேயே நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியது அடுத்தது. மாதம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் வரிசை எங்கே காணோம் என்று கேட்டார். பலகையைக் காட்டினேன். குனிந்து பார்த்து வியந்து, "யாருடைய யோசனை?" என்றார்.

"என்னுடையது" என்றேன்.

ஐந்தடி தள்ளி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு வீராயி அவர்கள் நின்றிருந்தார். இங்கிலீஷ் புரியாததால் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அந்த மாதத்திலிருந்து பக்கத்துத் தோட்டங்களுக்கும் "டிரெசர் பலகை" போயிற்று.

பலகை என் பேரில் போவதைக் கிராணியார் எப்போதோ வீராயி அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். தோளுக்குத் தைலம் வாங்க வந்தவர், "பேரு யாருதா இருந்தா என்னங்க ஐயா? புள்ளைங்க அழுவாம போவுதுங்க, அது போதும்" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தைலத்தைக் கொடுத்தேன். வேறொன்றும் பேசவில்லை. வேலையை விட்டுப் புறப்பட்ட அன்றும் பேசவில்லை.

தவமணிக்கு இப்போது பத்து வயது. கார்டை எடுத்து வாசித்துவிட்டு, "வீராயி எண்டால் ஆரப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கொட்டகை நினைவில்லை. பலகை நினைவில்லை. அவளைப் பிடித்து அழுத்திய என் கைகளும் நினைவில்லை. வலித்ததை மறக்கவைத்தவர், தம்மையும் சேர்த்தே மறக்கவைத்துவிட்டார். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, என் பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு கிராணியாருக்குப் பதில் எழுதினேன்: "அந்தப் பலகை என்னுடையதல்ல, வீராயி அவர்களுடையது. அப்படியே எல்லாருக்கும் சொல்லவும். அதற்கு இன்ச்சுக் கணக்கு கிடையாது. கொட்டகையிலேயே ஆகச் சின்னப் பிள்ளையைப் பலகைமேல் நிறுத்துங்கள். அது பயப்படாமல் நிற்கும்வரை காத்திருங்கள். பாதங்களைச் சுற்றிக் கரியால் கோடு போடுங்கள். ஓட்டையைத் தச்சன் வரைவதைவிடச் சின்னதாக வெட்டச் சொல்லுங்கள். பிள்ளை உட்கார்ந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்."

போய் வாருங்கள், வீராயி அம்மா. யோசனை உங்களுடையது. இதை அந்தக் கொட்டகையில், நீங்கள் ஐந்தடி தள்ளி நின்றபோதே சொல்லியிருக்க வேண்டும்.