கற்பூரம் பட்ட கயிறு

அண்ணனின் தலைத் திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியின் கும்பிடு. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. அந்தக் கூரை ஒழுகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதை எழுதுகிறாள். வார்த்தை சரியாக இருந்தால் அவளைப் பாராட்டுங்கள். மற்றதற்கெல்லாம் என்னைத் திட்டுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

நினைவு மலரில் நல்லது மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். ஆனால் ஒரு கெட்டதைத் தீர்க்காமல் நல்லதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயுத பூஜையில் வைத்துக் கும்பிட்ட கயிற்றை அண்ணன் வெட்டினாராம், அந்தக் குற்றத்தால்தான் மரத்திலிருந்து விழுந்தாராம், கயிற்றில் கற்பூரத்தைக் கொட்டி அதற்கு வழி செய்தது மதினியாம். ஒரு வருஷமாக நம் சொந்தத்துக்குள் இந்தப் பேச்சு ஓடுகிறது. அது மதினியின் காதுக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கையால் வீட்டில் கற்பூரம் ஏற்றியதில்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை. போன ஆயுத பூஜை அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது கீழக்குயில்குடியில். எங்கள் அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அவர் படுக்கையில் விழுந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. புளியம்பழம் உலுக்க மரம் ஏறிப் பழகியவர், அப்படியே மரம் கழிக்கிற வேலைக்குப் போனார். இடுப்பில் ஒரு தேங்காய் நார்க் கயிறு, தோளில் அரிவாள். அதுதான் மொத்தச் சாமானும். அவர் சம்பாத்தியத்தில் நான் தின்றேன். எவ்வளவு தின்றேன் என்பதை என்னை நேரில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு சிங்கப்பூருக்குப் போனார். அங்கேயும் மரம் வெட்டும் வேலைதான். அவரோடு போன ஒருவர் வெறுங்கயிற்றை நம்பி ஏறி முதுகு ஒடிந்து ஊர் திரும்பியதைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஆனால் ஊருக்கு வந்து சொந்தமாக வேலை எடுத்தபோது, முதல் காரியமாக என்னைக் கூட்டிக்கொண்டு பெல்ட் வாங்கக் கிளம்பினார்.

டவுனில் கட்டட வேலைக்குச் சாமான் விற்கும் ஒரு கடை. கடைக்காரர் முதுகில் கொக்கி வைத்த பெல்ட்டை எடுத்துப் போட்டார்.

"இது எம்புட்டு தாங்கும்?" என்றார் அண்ணன்.

"யானையைக் கட்டித் தொங்கவிடலாம்ணே."

"யானையை விடுங்க. என் தம்பி தொங்கட்டும்."

நான் ஓடுவதற்குள் பெல்ட்டை மாட்டிவிட்டார். கடையின் இரும்பு உத்தரத்தில் என்னைத் தொங்கவிட்டு, எதிரே டீ சொல்லி, நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு முகம் தரையைப் பார்க்கிறது, கால் மரத்துப் போகிறது.

"அண்ணே, உசுரு போகுதுண்ணே!"

"கடைக்காரரே, பாத்துக்கங்க. விழுறவனைப் பிடிக்கிறதுக்கு இந்த பெல்ட் சரி. எனக்கு மரத்துல உக்காந்து வேலை பாக்கணும். கொக்கி முன்னாடி இடுப்புல இருக்கணும், தொடைக்கு அகலமா பட்டை இருக்கணும். ரெண்டு கையும் சும்மா இருக்கணும்."

"அதுக்கு இவரை இறக்குங்கண்ணே முதல்ல. கூட்டம் கூடுது."

கேட்ட மாதிரி பெல்ட் அங்கே இல்லை. கடைக்காரர் வேறு ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். அதிலும் அண்ணன் என்னைத்தான் தொங்கவிட்டார். அதில் நான் தூங்கியே போனேன்.

கயிறு விஷயத்தில் அண்ணன் இன்னும் பிடிவாதம். மரத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் வேண்டும் என்பார். ஒரு முனை அவர் ஏறுவதற்கு. கயிறு உச்சிக் கவட்டையில் விழுந்து மறுபக்கம் இறங்கி, மரத்தின் அடியில் எட்டு மாதிரி வளைந்த ஓர் இரும்பில் சுற்றி, என் கைக்கு வரும். மீதி என் காலடியில் சுருண்டு கிடக்கும். மேலே அவருக்கு ஏதாவது ஆனால், யாரும் ஏறாமல், கீழே இருந்தபடியே நான் கயிற்றை விட்டு விட்டு அவரை இறக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை நீளம்.

இனி அந்த ஆயுத பூஜை. பழங்காநத்தத்து வீட்டில் பெல்ட், ஹெல்மெட், அறுக்கும் மெஷின், புதுக் கயிறு எல்லாவற்றையும் படத்துக்கு முன் பரப்பியிருந்தோம். கொக்கியின் பூட்டில் மட்டும் குங்குமம் வைக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். பொடி உள்ளே இறங்கினால் சரியாக மூடாதாம். கற்பூரத்தைப் பற்றி அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. மதினி தட்டைச் சுற்றும்போது எரிகிற ஒரு துண்டு சரிந்து கயிற்றின் மேல் விழுந்தது. உடனே தட்டிவிட்டார். எரியவில்லை, புகையவும் இல்லை. "கயித்துக்கும் தீபாராதனை ஆச்சு" என்று நான் பல்லைக் காட்டினேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து அந்த இடத்தை விரலால் தடவினார். பட்டாணி அளவுக்கு இளகி, காய்ந்த கோந்து மாதிரி இறுகியிருந்தது. நைலான் இழை, அது நூல் மாதிரி எரியாது, உருகும். அது விழுந்ததும் கயிற்றின் நட்ட நடுவில். அண்ணன் பூஜையில் இருந்த அரிவாளையே எடுத்துக் கயிற்றை அந்த இடத்தில் வெட்டினார்.

விருந்துக்கு வந்திருந்த தாய்மாமா கத்திவிட்டார். "டேய்! சாமிக்கு வச்ச பொருள்ல அரிவாளை வைக்கிறியே, புத்தி இருக்கா?"

"சாமி கோவிச்சுக்கிட்டா நான் காலில விழுந்துக்கிறேன் மாமா. கயிறு கோவிச்சுக்கிட்டா விழுறது வேற மாதிரி இருக்கும்."

"ஒரு பொட்டுதானடா கருகியிருக்கு?"

"தொங்குறவனுக்கு அந்தப் பொட்டுதான் மாமா கயிறே."

"சரி, வெட்டிட்ட. முடிச்சுப் போட்டுக்க."

"முடிச்சு கவட்டையில சிக்கிக்கிரும். நான் அங்கனயே காயணும்."

மாமா சாப்பிடாமல் போனார். மதினி அடுப்படியில் நின்று அழுதார். அண்ணன் அவரிடம், "நானும்தானே பக்கத்துல நின்னேன், எனக்குத் தோணுச்சா?" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு, அந்த நீளத்துக்கு வேறு கயிறு கிடைக்கும்வரை பெரிய மரம் எதையும் அவர் தொடவில்லை. ஏணி வைத்து எட்டுகிற முருங்கையும் கொய்யாவும்தான். கூப்பிட்டவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"குட்டைக் கயிறு ரெண்டு கிடக்குல்லண்ணே? உச்சியில கட்டிக்கிட்டு ஏறு. ஊரெல்லாம் அப்படித்தான ஏறுது."

"ஏறிருவேன்டா. மேல மயங்கிட்டா? கயிறு உச்சியில கட்டியிருக்கும். எவன் ஏறி வந்து இறக்குவான்? நீயா?"

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். அதற்கு மேல் வாதாட எனக்கு யோக்கியதை இல்லை.

புதுக் கயிற்றுக்கு வழி செய்தது யார் என்று பலருக்குத் தெரியாது. மதினிதான். அண்ணனோடு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் பொங்கலுக்கு ஊர் வருகிறார் என்று தெரிந்து, அவர் மனைவிக்கு விடாமல் போன் போட்டு, தைலத்துக்கும் மிட்டாய்க்கும் நடுவில் அவர் பெட்டியில் அந்தக் கயிற்றை வரவழைத்தார். வந்த நாளிலிருந்து, வேலைக்குப் போகும் முன் கயிற்றை முழுக்க விரலால் தடவிப் பார்ப்பதும் மதினியின் வேலை ஆயிற்று. முற்றத்தில் உட்கார்ந்து, பூத் தொடுக்கிற மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவுவார். "நம்மளைக்கூட இப்படி யாரும் கவனிக்கலையே" என்று நான் சொல்லிக் கரண்டியால் அடி வாங்கியிருக்கிறேன்.

கடைசி நாள் காலையிலும் தடவிப் பார்த்துத்தான் பையில் வைத்தார்.

அன்றைக்கு வேலை பக்கத்துத் தெருவில், ஒரு பாய் வீட்டில். மாடி மேல் சாய்ந்திருந்த பெரிய வாகை மரம். அண்ணன் பாதிக் கிளைகளை இறக்கிவிட்டார். திடீரென்று மெஷின் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருக்கிறார்.

"என்னண்ணே, டீ வந்துருச்சுன்னு வாசனை அடிச்சிருச்சா?" என்றேன். என் வாய் அப்படி.

அவர் மெஷினைக் கிளையில் தொங்கிய கொக்கியில் மாட்டினார். மரத்தைச் சுற்றிப் போட்டிருந்த இடுப்புக் கயிற்றைக் கழற்றினார். அதைக் கழற்றாவிட்டால் கீழேயிருந்து அவரை இறக்க முடியாது. அந்த வலியிலும் அது அவருக்கு நினைவிருந்தது. பிறகு, "டேய்... இறக்குடா" என்றார். தலை சாய்ந்துவிட்டது.

என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கடையில் தொங்கியவனுக்குத் தெரியாததெல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. எட்டு இரும்பு வழியாகக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் போக, அண்ணன் இலைகளுக்குள்ளிருந்து உட்கார்ந்தபடியே வந்தார். ஒரு கிளையில்கூட இடிக்கவில்லை. பாய் ஓடிவந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "யா அல்லா! வண்டியில ஏத்துங்க, வண்டியில ஏத்துங்க" என்று அவரே காரை ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தார். மதினி பக்கத்தில் இருந்தார். அவர்கள் இருவரும் பேசியதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"நல்லா இறக்குனான் உன் கொழுந்தன். குலுங்கவே இல்ல."

"பேசாதீங்க. டாக்டர் பேச வேணாம்னாரு."

"நல்ல கயிறு." கொஞ்சம் பொறுத்து, "மெஷின் மேலேயே தொங்குதா?"

"தொங்கட்டும் விடுங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். உடம்பில் ஒரு சிராய்ப்புக் கிடையாது. குளிப்பாட்டியவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் செய்தி பழங்காநத்தத்தைத் தாண்டுவதற்குள் அண்ணன் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். பரவைக்குப் போனபோது மரமே அவர் மேல் விழுந்திருந்தது. கீழக்குயில்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வெட்டிய கயிறு பழி வாங்கிவிட்டது. அம்புட்டுத் தூரம் பேருந்தில் போனாலே நேரம் ஆகும், பொய் எப்படி அதற்கு முன்னே போனது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அந்தக் கயிற்றை வெட்டாமல் அதிலேயே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெட்டிய குட்டைக் கயிற்றை உச்சியில் கட்டி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தீயணைப்பு வண்டி வரும்வரை அண்ணன் மேலே தொங்கியிருப்பார், நான் கீழே நின்று கத்தியிருப்பேன். மதினியிடம் "நல்ல கயிறு" என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்காது. அந்த ஒரு பகலை எங்களுக்குக் கொடுத்தது மதினி வரவழைத்த கயிறு. கற்பூரம் விழுந்தது தவறுதல். அதை மறைக்காமல், ஒட்டுப்போடாமல், வெட்டி எறிந்ததும் வேறு வாங்கியதும்தான் அந்த வீட்டில் நடந்தது. இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவர்கள், என்னை எந்த உத்தரத்தில் வேண்டுமானாலும் தொங்கவிடலாம்.

அண்ணனைக் காரில் ஏற்றிப் பறந்த பாய்க்கும், மறுநாள் மரத்தில் ஏறி மெஷினை இறக்கிக் கொடுத்த தொழில்காரத் தம்பிகளுக்கும், காரியம் முடியும்வரை சோறு போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தாய்மாமாவுக்கும்தான். முந்தாநாள் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "எனக்கு யாருமே இதைச் சொல்லலையேடா" என்றார். இன்றைக்கு முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு அண்ணன் படத்துக்கு யார் கற்பூரம் காட்டுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. "நீங்கதான் மதினி" என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. படத்துக்குக் கீழே நாங்கள் வைத்திருந்த கயிற்றுப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, கற்பூரம் காட்டுற எடத்துல கயிறு வேணாம், எடுத்து உள் ரூம்ல வச்சிருங்க" என்றார்.

வைத்துவிட்டேன்.