ஆளுக்கொரு சக்கரம்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டி விற்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தாளில் அவள் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் பேசியவர் குடிநீர் இலாகா மேஸ்திரி.

“அம்மா, சார் வந்து... கம்பிய வெச்சுக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தாரு. எப்பவும் அப்படித்தானே இருப்பாரு. பேசினா திட்டுவாருன்னு நாங்களும் தள்ளியே நின்னோம். டீ ஆறிப்போகுதேன்னு கிட்டப் போயி தொட்டேம்மா...”

அவள் கணவர் தெருவில் மண்டியிட்டு, காதை இரும்புக் கம்பியில் வைத்தபடியே இறந்துபோயிருந்தார். சுற்றி நின்றவர்கள் அவர் வேலை பார்ப்பதாக நினைத்து, போகிற வருகிற வண்டிக்காரர்களை ஹாரன் அடிக்கவிடாமல் கையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். சாகிற நேரத்திலும் நாலு பேர் வாயை அடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் மனிதர்.

பூமிக்கடியில் குடிநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். ஒரு முனையில் கிண்ணம் வைத்த கம்பியைத் தரையில் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு ரோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டினால் தண்ணீர் இருக்கும். இல்லாவிட்டால், தோண்டியவர்களுக்குத் தோண்டத் தெரியவில்லை. இலாகாவில் அவருக்குக் ‘காது’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டம் போலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

“ஆளுயர ஆழத்துல சொட்டுற தண்ணி எனக்குக் கேக்குது. உனக்கு வாசல் பெல் அடிச்சாக் கேக்குதா?” என்பார் அவளிடம்.

“கேக்குது. அடிக்கிறது உங்க தம்பின்னா மட்டும் கேக்காது.”

அவளுக்கும் பிழை கண்டுபிடிக்கிற உத்தியோகம்தான். ஒரே கூரையின் கீழ் அப்படி இரண்டு பேர் இருந்தால் வீடு என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை. மின்விசிறி கிறீச்சிடுவதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் தும்முவது வரைக்கும் அவர்களுக்குள் கட்சி இருந்தது. ஆனால் அவையெல்லாம் சில்லறைச் சண்டைகள். பெரிய சண்டை காரில் இருந்தது.

கார் பழசு. இன்னொருவர் ஓட்டி அலுத்து விற்றதை அவர் வாங்கி வந்தார். வாங்கிய சில வருடங்களில் அது பேச ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டொக்’. குழியில் விழுந்தால் ‘டொக் டொக்’. நல்ல ரோட்டில் வாயே திறக்காது. பிள்ளை இல்லாத வீடு, காரைப் பிள்ளையாக வளர்க்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். அந்த அளவுக்கு அவளுக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. பிள்ளையாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராய்ச்சி நடக்கும். முதலில் டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, துடைக்கிற துணி எல்லாம் வெளியே வந்துவிடும். பம்பரை அமுக்கி விட்டு, வண்டி எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று பார்ப்பார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டுவார். பிறகு, அவர் ஓட்ட, அவள் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிகள் மூடியிருக்க வேண்டும். மூச்சு மட்டும் விடலாம்.

“வாட்சக் கழட்டு. டிக் டிக்னு உயிர வாங்குது.”

“என் உயிர் போறது உங்களுக்குக் கேக்குதா?”

“ஷ்! இதோ, இதோ... டொக்! கேட்டியா? பின்சக்கரம். வலது பின்சக்கரம்.”

“முன்சக்கரங்க. எனக்கு முன்னாடிதான் கேட்டுது. வலது முன்சக்கரம்.”

“அச்சுல கமா போடற வேலையில்ல இது.”

“ரோட்டுல கோடு போடற வேலையும் இல்ல.”

இப்படியே தெருக்கோடி வேகத்தடையில் ஏறி இறங்கி, திரும்பி வந்து மறுபடி ஏறி இறங்குவார்கள். அந்த மூலையில் இஸ்திரி போடுகிறவன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி வேடிக்கை பார்ப்பான். அவர் சொன்னது பின்சக்கரம் என்றால் பின்சக்கரம்தான். பின்பக்க ஷாக் அப்சார்பர் மாறியது, புஷ் மாறியது, பேரிங் மாறியது. சத்தம் மட்டும் சொன்ன பேச்சு மாறவில்லை. அவள் தன் பங்குக்கு நச்சரித்ததில் ஒரு தடவை முன்பக்க லிங்க் ராடும் பால் ஜாயின்ட்டும் மாறின. அப்போதும் டொக். வீடு திரும்பும் வழி முழுக்க அவர் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

மெக்கானிக்குக்கு ஊசி என்று பெயர். பெயருக்கேற்ற உடம்பு. சட்டையைக் கொடியில் காயப்போட்ட மாதிரி போட்டிருப்பான். அவனுக்கும் ஒரு கொள்கை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்க மாட்டான். ஸ்டியரிங் தன் கையில் இருந்தால்தான் வண்டி தன்னோடு பேசும் என்பான். அதனால் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஊசி ஓட்டுவான். காது பின்சீட்டில், தனக்குப் பிரியமான வலது பின்சக்கரத்துக்கு மேலே, கம்பியும் கிண்ணமுமாகக் குனிந்திருப்பார். ஒரு தடவைகூடச் சத்தம் வந்ததில்லை.

“சார், வண்டியில ஒண்ணும் இல்ல. கம்பிய எடுத்துட்டுக் காதுல பட்ஸ் போட்டுப் பாருங்க.”

“நீ ஓட்டற ஓட்டுக்கு மாட்டுவண்டிகூட சத்தம் போடாதுப்பா.”

அவள் ஓட்டினாலும் சத்தம் வந்ததில்லை. ஓட்ட விட்டதே அபூர்வம். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் அழைத்துப்போனாள். போக வர ஒரு முனகல் இல்லை. “உருட்டிக்கிட்டுப் போனா எப்படி வரும்? ஓட்டினாத்தானே வரும்” என்றார், போர்வைக்குள்ளிருந்து. ஒரே சத்தத்தை மூன்று பேர் மூன்று மாதிரி சொன்னதும், ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரும் செவிடர்களாகத் தெரிந்ததும்தான் நடந்தது. சீட்டு மாற்றி உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எவர் இறங்கி வருவார்?

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு கொழுந்தன் மட்டும் உட்கார்ந்திருந்தார். உடம்பிலும் தோரணையிலும் அண்ணனுக்கு நகல். சோபா முனகியது.

“அண்ணி, நீங்க ஒத்தையா இருந்துக்கிட்டு அந்தக் காரை வெச்சு என்ன பண்ணப்போறீங்க? அண்ணன் ஞாபகமா நான் வெச்சுக்கறேனே.”

அண்ணன் ஞாபகம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? அண்ணன் உயிரோடு இருந்தவரைக்கும் இந்தத் தம்பிக்கு அந்தக் காரில் உட்காரவே இடம் கிடைத்ததில்லை. ‘அவன் ஏறினா வண்டி சாயும்’ என்பார், தன் தொந்தியைத் தடவிக்கொண்டே.

“எடுத்துக்கோங்க தம்பி. ஆனா அடுத்த வாரம். அதுக்குள்ள அந்தச் சத்தம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“இப்ப தெரிஞ்சு என்ன அண்ணி ஆகப்போகுது?”

ஒன்றும் ஆகப்போவதில்லைதான். ஆனால் அந்த மனிதர் வலது பின்சக்கரம் என்று சொல்லிவிட்டு, பதில் கேட்க முடியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோவது அவர் வழக்கம். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். இந்தத் தடவை கதவைத் தட்டக்கூட முடியாது. வண்டி கைவிட்டுப் போவதற்குள் ஊசியின் வாயால் ‘முன்சக்கரம்தான் மேடம்’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அவர் படத்துக்கு முன்னால் போய் நின்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அந்த முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். செத்தாலும் ஒப்புக்கொள்ளாத முகம்.

மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் மௌனம். ஊசி ஓட்டினான், அவள் பின்னால் உட்கார்ந்தாள். மௌனம். இருக்கிற வேகத்தடையிலெல்லாம் ஏற்றச் சொன்னாள். குழி தேடிக் குழியில் இறக்கச் சொன்னாள். ஊசி நாலு சக்கரங்களையும் தூக்கி ஆட்டிப் பார்த்தான். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. இருக்காதா பின்னே, மாற்றாதது என்ன மிச்சம்?

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தம் சாரோட போயிடுச்சு.”

“ஆமா, பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுப் போச்சு. நாளைக்கும் வருவேன், பாத்துக்கோ.”

மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். அச்சகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லும்போது முதலாளி என்னவென்று கேட்கவில்லை; துக்கம் என்று நினைத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். புருஷன் போன வாரத்தில் ஷாக் அப்சார்பருக்குப் பின்னால் அலைகிறவளை வேறென்ன செய்வார்கள்? ஊசி அவளைப் பார்த்ததும் வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

சொன்ன நாளுக்குக் கொழுந்தன் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். சாவியை விரலில் சுழற்றினார். அவளையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போவதாகப் பெருந்தன்மை காட்டினார். முன்சீட்டில் ஊசி ஏதோ டப்பாக்களை வைத்திருந்ததால் அவள் பழக்கப்படி பின்னால் ஏறிக்கொண்டாள். கொழுந்தன் ஓட்டுநர் சீட்டில் தன்னைத் திணித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். வாசல் சிமெண்ட் மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியது.

டொக்.

“நிறுத்துங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் கொழுந்தன் பிரேக்கை மிதித்த மிதியில் டப்பாக்கள் உருண்டன. ஊசி ஓடி வந்தான்.

“என்ன அண்ணி, யார் மேலயாவது ஏத்திட்டேனா?”

“எறங்காதீங்க! அப்படியே உக்காருங்க. கொஞ்சம் எம்பி எம்பி உக்காருங்க.”

“என்னது?”

“எம்புங்க தம்பி!”

கொழுந்தன் எம்பினார். டொக். மறுபடியும் எம்பினார். டொக் டொக். நின்ற வண்டியில், நாலு சக்கரங்களும் தரையில் சும்மா இருக்க, சத்தம் மட்டும் வந்தது. ஊசி பின்கதவைத் திறந்து, அவள் கால்களை ஒதுக்கச் சொல்லிவிட்டு, தலையை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் விட்டான். அவன் தோள் குலுங்கியது. இருமுகிறான் என்று நினைத்தாள். தலையை வெளியே எடுத்தபோது அவன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சக்கரமும் இல்ல, சஸ்பென்ஷனும் இல்ல மேடம். சீட்டு! சீட்டைத் தரையில புடிச்சிருக்கிற பின்னாடி போல்ட் லூஸு. கனமான ஆள் உக்காந்து வண்டி குலுங்கினா, சீட்டு நகர்ற தண்டவாளம் எந்திரிச்சு தரையில அடிக்குது. நீங்களும் நானும் உக்காந்தா, குருவி உக்காந்த மாதிரிதானே, அது அசையுமா?”

அவள் இறங்கி, பின்கதவு வழியாகக் குனிந்து பார்த்தாள். ஓட்டுகிறவர் முதுகுக்குக் கீழே, சற்றே பின்னால். அதனால் அவருக்குப் பின்சக்கரம். பின்சீட்டில் இருப்பவளின் முழங்காலுக்கு நேர் முன்னால். அதனால் அவளுக்கு முன்சக்கரம். ஆறடி மண்ணுக்குள் சொட்டுகிற தண்ணீரைக் கேட்டவர் சத்தத்தின் மேலேயே சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தார். ஒரு புள்ளி பிசகினால் பக்கத்தையே திருப்பி அனுப்புகிறவள் அதை முழங்காலால் முட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் ஞானம் கேட்கிற ஊசிக்கு அது குறட்டைகூட விடவில்லை. மூன்று மேதைகள்! இவர்களுக்காகக் கழற்றி எறியப்பட்ட நல்ல ஷாக் அப்சார்பர்கள் எந்தக் குப்பையில் கிடந்து சிரிக்கின்றனவோ.

படத்துக்கு முன்னால் போய்ச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. ‘நீங்களும் தப்பு’ என்று சொல்லலாம். அந்த ‘உம்’மை அவர் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கேட்காது என்பது அவளுக்கு அப்போதுதான், அந்த எண்ணெய்த் தரையில், கொழுந்தனின் பிருஷ்டத்துக்கு நேர் கீழே குனிந்திருந்த நிலையில், சரியாக உறைத்தது. நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊசி சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

“அவ்வளவுதானே அண்ணி? போல்ட்ட முறுக்கிட்டா நான் கெளம்பிடுவேன்.”

“எறங்குங்க தம்பி.”

“ஏன்?”

“வண்டிய நான் குடுக்கல.”

“அண்ணி, சத்தம் என்னன்னு தெரிஞ்சதும் குடுக்கறேன்னீங்க!”

“தெரிஞ்சுதான் குடுக்கல. ஆட்டோ அந்த முக்குல கெடைக்கும்.”

கொழுந்தன் இறங்கினார். கடைசியாக ஒரு டொக். ஊரெல்லாம் போய்ச் சொல்வார், அண்ணிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று. சொல்லட்டும். சொந்தபந்தத்தில் யாருக்கு எந்தப் பிழையைத்தான் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது?

ஊசி ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். “ரெண்டு நிமிஷ வேலை மேடம், முறுக்கி விட்டுடறேன்.”

“இன்னிக்கு வேண்டாம்” என்று அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில்தான் அச்சகத்துக்குப் போய் வருகிறாள். ஆயில் மாற்றியாயிற்று, பேட்டரி மாற்றியாயிற்று. அந்த போல்ட் இன்னும் முறுக்கப்படவில்லை.